வில் வண்டி

உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வில் வண்டி ஞாபகம் இருக்கலாம். ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் மட்டும் வைத்திருப்பார்கள். கூண்டு கட்டி, உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, அதில் புதுப்பெண்ணையோ பிள்ளைத்தாய்ச்சியையோ உட்கார வைத்து அழைத்துப் போவார்கள். மற்றவர்களுக்கெல்லாம் கட்டை வண்டி. இரண்டிலும் மாடு ஒன்றுதான், பாதையும் அதே பாதைதான். வித்தியாசம், அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் வளைத்துப் போட்ட நாலைந்து இரும்புப் பட்டைகள். தமிழில் ஒரு வாகனத்துக்கு அதன் சஸ்பென்ஷனை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். இதற்காகவே நம் முன்னோர்களுக்கு ஒரு கும்பிடு.

இந்த வாரம் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த சஸ்பென்ஷன் நல்லது என்பதைப் பற்றி. 'எங்கிட்ட சைக்கிள்தான் சார் இருக்கு' என்பவர்கள் அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். ஷேர் ஆட்டோவின் பின்பக்கம் உட்கார்ந்து வேளச்சேரி வரை போயிருக்கும் எல்லோருக்கும் இந்தச் சப்ஜெக்டில் அனுபவம் இருக்கிறது. பெயர்தான் தெரியாது.

என் அக்கா பையன், அதாவது மருமான், சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். மடிப்பாக்கத்தில் வீடு. போன வருஷம் செகண்ட் ஹாண்டில் ஒரு பி.எம்.டபிள்யூ. இஸட்-4 வாங்கினான். 2011 மாடல். இரண்டே ஸீட். பட்டனை அழுத்தினால் இரும்புக் கூரை மடிந்து டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். தெருவே வந்து பார்த்தது. அவனுக்கு வேறு கார் கிடையாது. ஆபீஸுக்கும் அதுதான், காய்கறிக்கும் அதுதான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் காசு கட்டி ஓட்டுவதற்கும் அதுதான். வாரத்தில் இரண்டு நாள் என் அக்காவை அடையாறுக்கு பிசியோதெரபிக்கு அழைத்துப் போவதும் அதில்தான். அக்காவுக்கு இடுப்புக்கு மேலே முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். அந்த இரண்டாவது ஸீட் அவளுடையது.

ஒருநாள் அக்கா எனக்குப் போன் பண்ணினாள். "ஏண்டா, உனக்குத் தெரிஞ்ச ஆட்டோக்காரர் யாராவது இருக்காரா, நிதானமா ஓட்டறவரா?" என்றாள். எதற்கு என்றேன். "புதன், சனி போறதுக்குத்தான். அவன்கிட்ட சொல்லாதே. ஆசை ஆசையா வாங்கியிருக்கான். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் தெரியறது." மூன்று சக்கர ஆட்டோ, இத்தனை லட்சம் போட்டு வாங்கிய ஜெர்மன் காரைவிட உடம்புக்கு இதமாக இருக்கிறது என்று ஒரு நோயாளி சொன்னால், அது காரின் குற்றமாக இருக்க வழியில்லை. யாரோ அதில் கை வைத்திருக்க வேண்டும்.

அதே வாரம் மருமானும் வந்தான். கையில் ஒரு கொட்டேஷன். காயிலோவர் செட், முப்பத்திரண்டு ஸ்டெப் அட்ஜஸ்ட்மென்ட், பிட்டிங் சேர்த்து இரண்டு லட்சத்துக்குச் சில்லறை குறைவு. "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா மாமா. டிராக்குக்குப் போறப்ப டைட்டா வெச்சுக்கலாம், ரோட்டுக்கு வந்தா லூஸ் பண்ணிக்கலாம்" என்றான். நான் முப்பது வருஷம் லாரி கம்பெனியில் சஸ்பென்ஷன் பிரிவில் சம்பளம் வாங்கியவன். லாரிக்கு யாரும் முப்பத்திரண்டு ஸ்டெப் கேட்டதில்லை. இருந்தாலும் பௌதிகம் லாரிக்கும் இஸட்-4-க்கும் ஒன்றுதான்.

முதலில் அந்த முப்பத்திரண்டைப் பார்ப்போம். நம் ஊரில் ஷாக் அப்ஸார்பர் என்று சொல்கிறோமே, அது தப்பான பெயர். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஷாக் செய்வது, ஸ்பிரிங் ஆடுவதை அடக்குவது. வீட்டில் ஊஞ்சல் இருந்தால் ஆட்டிவிட்டுப் பாருங்கள். தானாக விட்டால் ரொம்ப நேரம் ஆடும். நீங்கள் காலைத் தரையில் தேய்த்தால் சீக்கிரம் நிற்கும். அந்தக் கால்தான் ஷாக். ஊஞ்சலின் சங்கிலி நீளத்தைக் கால் மாற்றாது. அந்த முப்பத்திரண்டு ஸ்டெப்பும் காலை எவ்வளவு அழுத்தித் தேய்ப்பது என்பதற்குத்தான். ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கும். விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு ஷாக்கை லூஸ் பண்ணினால் கார் மெத்தென்று ஆகாது. விறைப்பாகவே, ஆனால் அடங்காமல் குதிக்கும். இரண்டு கெடுதலையும் சேர்த்து விலைக்கு வாங்குவது இது.

ஸ்பிரிங்கின் விறைப்பை எப்படி அளப்பது? கம்பியின் தடிமனைச் சொல்லிப் பிரயோசனமில்லை. காரின் எடையைப் பொறுத்தது. அதனால் என்ஜினீயர்கள், கார் நொடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்று பார்ப்பார்கள். சாதாரண குடும்பக் கார்கள் ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள். ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை. ரேஸ் கார்கள் இரண்டுக்கு மேலே, இறக்கை வைத்தவை இன்னும் மேலே. நாம் வேகமாக நடக்கும்போது நொடிக்குச் சுமார் இரண்டு அடி எடுத்து வைக்கிறோம். அதனால் அதுவரைக்கும் உடம்பு பழக்கப்பட்டது. ஆனால் உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு, நொடிக்கு நாலிலிருந்து எட்டு வரையான செங்குத்து ஆட்டம் ஆகாது. வயிறு, முதுகெலும்பு எல்லாம் அந்தத் தாளத்தில் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடும். ஸ்பிரிங்கை விறைப்பாக்க ஆக்க, ரோட்டிலிருந்து அந்தத் தாளம் ஸீட்டுக்கு அதிகமாக வந்து சேரும். அக்காவின் உச்சந்தலைக்கு விளக்கம் இதுதான்.

இன்னொரு கணக்கு. நிற்கும் காரின் எடையில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதற்கும் இந்தத் தாளத்துக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. நொடிக்கு ஒன்று என்றால் 25 செ.மீ. ஒன்றரை என்றால் 11. இரண்டு என்றால் ஆறு சொச்சம். மூன்று என்றால் மூன்று செ.மீ-கூட இல்லை. பளிங்கு மாதிரி டிராக்கில் மூன்று செ.மீ. போதும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டி, மூடி, மறுபடி தோண்டிய ரோட்டில் போதுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"அப்ப ரேஸ் கார் எல்லாம் கல்லு மாதிரி இருக்கே மாமா, அவங்க முட்டாளா?" என்றான் மருமான். நியாயமான கேள்வி. ரேஸ் கார் விறைப்பாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. இறக்கையும் தரையும் சேர்ந்து காற்றால் காரைக் கீழே அழுத்துகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் அந்த அழுத்தம் நாலு மடங்காகும். அப்போது கார் தரையில் உட்கார்ந்துவிடாமல் இருக்க விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். டிராக்கின் தரையும் சமம். உன் காரில் இறக்கையும் இல்லை, உன் ரோட்டில் சமமும் இல்லை. பிறகு எதற்கு?

"வளைவுல கார் சாயாம இருக்குமே."

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், சில மெக்கானிக்குகள் உள்பட. வளைவில் திரும்பும்போது உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்கு எடை மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: காரின் எடை மையம் எவ்வளவு உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் எவ்வளவு அகலம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறீர்கள். ஸ்பிரிங் இந்தப் பட்டியலில் கிடையவே கிடையாது. 1500 கிலோ கார், எடை மையம் அரை மீட்டர் உயரத்தில், அகலம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பில் 90 சதவிகித விசையில் திரும்பினால் 450 கிலோ வெளிப்பக்கம் போகும். ஸ்பிரிங் பஞ்சாக இருந்தாலும் 450-தான், இரும்பாக இருந்தாலும் 450-தான். காரை மூன்று செ.மீ. தாழ்த்தினால் 423 ஆகும். அந்த 27 கிலோவுக்காகத்தான் ஊரெல்லாம் காரைத் தாழ்த்திக்கொண்டு அலைகிறார்கள்.

ஸ்பிரிங்காலும் ரோல் பாராலும் முடிவது, அந்த 450 கிலோவை முன்பக்கமும் பின்பக்கமும் எப்படிப் பங்கு போடுவது என்பது. முன்னால் விறைப்பு அதிகமானால் முன் டயர்கள் முதலில் களைத்துப்போய், கார் திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். பின்னால் அதிகமானால் பின்பக்கம் கழன்று வெளியே வரும். டயருக்கு ஒரு குணம்: எடையை இரண்டு மடங்காக்கினால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதனால் நாலு டயரும் முடிந்தவரை சமமாக உழைப்பதுதான் நமக்கு லாபம். அதற்கு முதல் தேவை, நாலும் தரையில் இருப்பது. குண்டும் குழியுமான ரோட்டில் விறைப்பான கார், மேட்டில் ஏறி இறங்கும்போது டயரைக் காற்றில் விட்டுவிடும். காற்றில் இருக்கும் டயருக்குப் பிடிப்பு பூஜ்யம். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுவது உங்கள் உள்ளங்கை அளவு இடத்தில்தான். நாலு உள்ளங்கை. மழையில், பள்ளிக்கரணை வளைவில், உங்களையும் உங்கள் அம்மாவையும் தாங்கிக்கொண்டிருப்பது அவ்வளவுதான்.

சரி, கொள்கை போதும். காரைப் பார்த்தோம். குரோம்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பேச்சு கம்மி. முன் பானெட் மூலையில் உடம்பு எடையைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினார். அது இறங்கவே இல்லை. குனிந்து சக்கர இடுக்கில் டார்ச் அடித்தார். "குட்டை ஸ்பிரிங் போட்டிருக்கு சார். ஷாக்கு மட்டும் கம்பெனிது" என்றார். பழைய ஓனரின் கைங்கரியம். மருமானுக்கே தெரியாது. கார் 'ஸ்டைலா உக்காந்திருக்கு' என்று சந்தோஷப்பட்டு வாங்கியிருக்கிறான்.

குட்டை ஸ்பிரிங்கும் கம்பெனி ஷாக்கும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஷாக்குக்கு மேலும் கீழும் போய்வர ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. அதன் எல்லையில், உலோகமும் உலோகமும் மோதாமலிருக்க பம்ப் ஸ்டாப் என்று ஒரு ஃபோம் கட்டை இருக்கும். காரைத் தாழ்த்தினால் ஷாக் ஏற்கெனவே பாதி மூடிய நிலையில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் அமுங்கினால் கட்டையில் போய் இடிக்கும். இடித்த கணத்தில் ஸ்பிரிங்கின் விறைப்பு பல மடங்காகும். ஸ்பீடு பிரேக்கரில் அது முதுகில் விழும் அடி. டிராக்கில், வளைவின் நடுவில் இடித்தால், அந்தச் சக்கரம் திடீரென்று பிடிப்பை விடும். டிராக்கில் ஒரு வளைவில் கார் காரணமில்லாமல் வழுக்குகிறது என்று மருமான் ஆறு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். டயரைக் குறை சொன்னான், தன் ஓட்டுதலைக் குறை சொன்னான். அம்மாவின் முதுகு வலியும் அவனுடைய வழுக்கலும் ஒரே ஃபோம் கட்டையிலிருந்து கிளம்புகின்றன என்று சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அக்காவின் ஆட்டோ ரகசியம் அன்றைக்கு உடைந்துபோனது. அவன் ஒன்றும் பேசவில்லை. சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றான்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு ரூபாய்கூட ஆகாது. வயரைக் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் இருக்கிறதல்லவா, அதில் ஒன்றை ஷாக்கின் பளபளக்கும் தண்டில், கீழே ஒட்டினாற்போல் லேசாகக் கட்டிவிடுங்கள். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போயிற்று என்று டேக் காட்டிக்கொடுக்கும். பந்தயக்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்வதுதான். மருமானின் காரில் கட்டிவிட்டு வீட்டிலிருந்து இரண்டு தெரு போனோம். டேக் ஃபோம் கட்டையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தெருவில் மூன்று ஸ்பீடு பிரேக்கர்.

ஸ்பீடு பிரேக்கர் என்றதும் ஒரு சின்ன விஷயம். இந்தியச் சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு 1988-லேயே இதற்கு அளவு கொடுத்திருக்கிறது. 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரத்தில் மெதுவாக வளைந்த மேடு. 25 கி.மீ. வேகத்தில் சௌகரியமாகக் கடக்கலாம். 3.7 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு சின்னக் காரின் நீளம். உங்கள் தெருவில் இருப்பதை டேப் வைத்து அளந்து பாருங்கள். எங்கள் தெருவில் இருப்பது ஒரு பனைமரத்தைப் படுக்கப்போட்டுத் தார் ஊற்றினதுபோல் இருக்கிறது. அதைப் போட்டவருக்கு என்ன சஸ்பென்ஷன் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இனி எதை மாற்றுவது, எதில் காசைப் போடுவது என்ற பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, அக்கா வீட்டு ஹாலில், அக்கா முன்னிலையில் நடந்தது. (நடுவில் இரண்டு காபி.) மருமான் காயிலோவரிலேயே நின்றான். நான் டயரிலிருந்து ஆரம்பித்தேன். அந்தக் கார் பாக்டரியிலிருந்து வருவதே ரன் பிளாட் டயரில். பஞ்சர் ஆனாலும் சுமார் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் போகலாம். அதற்காகப் பக்கச் சுவரைத் தடிமனாகச் செய்திருப்பார்கள். டயரின் பக்கச் சுவரும் ஒரு ஸ்பிரிங்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சாதாரண நல்ல டயருக்கு மாறினால் சின்னச் சின்ன அதிர்வுகள் பெரும்பாலும் டயரிலேயே அடங்கிவிடும். ஸ்டெப்னி கிடையாது, அதனால் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் சின்ன பம்பும் டிக்கியில் இருக்க வேண்டும். ராத்திரியில் ஓ.எம்.ஆரில் அம்மாவோடு மாட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்பதையும் யோசித்துத்தான் இதைச் செய்ய வேண்டும் என்றேன். யோசித்தான். பம்ப் வாங்கினான்.

அடுத்தது புஷ்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன காரில் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் எல்லாம் வெடித்துப்போயிருக்கும். அறுபது வயது முழங்கால் மாதிரி. அதை வைத்துக்கொண்டு லட்ச ரூபாய் ஷாக் போடுவது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளிப் பூண் போடுவது. ரப்பருக்குப் பதிலாக பாலியுரித்தேன் போடலாமா என்று கேட்டான். டிராக்குக்கு நல்லது, கூர்மை கூடும். ஆனால் சத்தமும் அதிர்வும் உள்ளே வரும். தினசரி ஓடும் காருக்குப் புது ரப்பரே போதும். ஷாக்கின் மேல் மவுன்ட்டையும் கூடவே மாற்றிவிடுங்கள். தனியாக மாற்றினால் இரண்டு தடவை கூலி.

அப்புறம் ஷாக். இதில்தான் காசு போட வேண்டும், இதில் கருமித்தனம் கூடாது. ஷாக்கில் இரண்டு ஜாதி உண்டு. சாதாரணக் கார்களில் வருவது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். தொடர்ந்து உழைத்தால் சூடாகி, எண்ணெயில் நுரை கட்டி, பிடி தளர்ந்துவிடும். டிராக்கில் ஐந்தாவது ரவுண்டில் கார் வேறு மாதிரி ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றது ஒற்றைக் குழாய். எண்ணெய்க்குக் கீழே ஒரு மிதக்கும் பிஸ்டன், அதற்கும் கீழே அழுத்தமாக நைட்ரஜன். நுரைக்க இடமில்லை. வெளிக் குழாயே காற்றில் படுவதால் சூடும் சீக்கிரம் வெளியேறும். பிரெஞ்சுக்காரர் டி கார்பன் கண்டுபிடித்தது. ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனி 1957-ல் மெர்சிடிஸ் கார்களுக்காகத் தொடர்ந்து தயாரிக்க ஆரம்பித்தது. அவர்களிடம் பி-6 என்பது கம்பெனி உயரத்தில் நிற்கும் காருக்கு, பி-8 என்பது தாழ்த்திய காருக்கு. ஹாலந்தின் கோனி, ஸ்வீடனின் ஓலின்ஸ் என்று வேறு நல்லவர்களும் உண்டு. பெயர் முக்கியமில்லை. போடப்போகும் ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக்கா என்பதுதான் முக்கியம். இரண்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. தனித்தனியாகப் பார்த்தால் தங்கம், சேர்த்து வைத்தால் நித்தம் சண்டை என்றும் அமையலாம்.

ஸ்பிரிங்? குட்டையைக் கழற்றிவிட்டு கம்பெனி உயரத்துக்கே திரும்பலாம் என்றேன். மருமானுக்கு இது ரொம்பக் கசந்தது. "பின்னாடி போற மாதிரி இருக்கு மாமா." நான் அவனிடம் சொன்னது: தாழ்த்துவதில் இன்னொரு வினை இருக்கிறது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை, சக்கரத்தை நோக்கி லேசாகக் கீழே சரிந்தோ சமமாகவோ இருக்க வேண்டும். காரைத் தாழ்த்தினால் அந்தக் கை மேல்நோக்கித் திரும்பிவிடும். பிறகு கார் வளைவில் சாயச் சாய, டயர் தரையில் தட்டையாகப் படியாமல் வெளி ஓரத்தில் ஏற ஆரம்பிக்கும். ரேஸ் டீம்கள் தாழ்த்தினால் அந்தக் கையின் மூட்டையும் சேர்த்து இடம் மாற்றுவார்கள். பழைய ஓனர் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினார். சாய்வு கொஞ்சம் குறைய வேண்டும் என்றால் முன்னும் பின்னும் சற்றே தடித்த ரோல் பார் போடலாம். அது ஒரு முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் வேலையே செய்யாது, அதனால் ஸ்பீடு பிரேக்கரில் அம்மாவுக்குத் தெரியாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் தெரியும், கொஞ்சம் தலையாட்டும். அதை இப்போது போடாதே, மற்றது எல்லாம் முடிந்து ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய் என்றேன்.

அக்கா அதுவரை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இவ்வளவு பண்றதுக்கு வித்துட்டு ஒரு சாதாரண கார் வாங்கிக்கக் கூடாதா?" என்று நான்தான் கேட்டேன், அவள் சார்பில். அக்கா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "விக்கவெல்லாம் வேண்டாம். காலேஜ் படிக்கறப்ப சுவத்துல ஒட்டி வெச்சிருந்த கார் அது. நான் பெயின்ட் அடிக்கறப்ப கிழிச்சுப் போட்டேன். சரி பண்ண முடியும்னா சரி பண்ணுங்கோ" என்றாள். அதற்கு மேல் விவாதம் இல்லை.

வேலை நாலு நாள். முடிந்ததும் வீல் அலைன்மென்ட். இதை ஏதோ இலவச இணைப்பு மாதிரி நினைக்கிறார்கள். சஸ்பென்ஷனில் கை வைத்தால் டோ, காம்பர் எல்லாம் மாறிவிடும், எண்ணோடு பிரிண்ட் அவுட் கேட்டு வாங்குங்கள். 'பாத்துட்டேன் சார், ஓக்கே' என்பது எண் அல்ல. டிராக்குக்குப் போகிறவர்கள் முன் சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்துக்கொள்ளலாம். வளைவில் நல்ல பிடிப்பு. அதிகம் சாய்த்தால் தினசரி ஓட்டத்தில் டயரின் உள் ஓரம் மொட்டையாகிவிடும்.

மிச்சப் பணத்தில் பிரேக் பேடும் பிரேக் எண்ணெயும் மாற்றினோம். சஸ்பென்ஷன் கட்டுரையில் இது எதற்கு என்றால், டிராக்கில் முதலில் கைவிடுவது பிரேக்தான். டாட்-4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிப் பழசானால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரையைத் தொடும். அதைச் சென்னை மழைக்காலம் இரண்டைக் கடந்த எண்ணெயோடு பரிசோதிக்க வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொன்னது. கம்பெனி உயரத்தில், நல்ல ரக ஷாக் போடுவதற்கும் காரை ஆமை மாதிரி தரையில் ஒட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. எதைச் செய்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பாலிசியின் பொடி எழுத்தையும் படியுங்கள்: பந்தயம், வேகச் சோதனை இவற்றில் ஏற்படும் சேதத்துக்கு நம் ஊர் சாதாரண பாலிசி பணம் தராது. டிராக்கில் தகரம் நசுங்கினால் அது உங்கள் செலவு.

முதல் டிராக் நாளுக்கு நானும் போயிருந்தேன். இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல் திறந்தது, ஒரு ரவுண்டு 3.7 கி.மீ. அதற்கு முன்னால் நாங்கள் எல்லாம் சோழவரத்துக்குத்தான் போவோம். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம், தலையில் துண்டு, கையில் கட்டுச் சோறு. 2024 ஆகஸ்டில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் விளக்குப் போட்டு ஃபார்முலா 4 ஓட்டியபோது, ரோட்டை இழைத்து இழைத்துப் போட்டார்கள். ரேஸ் காருக்கு ரோட்டைச் சரி செய்கிறார்கள், நாம் ரோட்டுக்குக் காரைச் சரி செய்கிறோம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மருமான் பத்து ரவுண்டு ஓட்டினான். கார் முன்னைவிட நன்றாகவே சாய்ந்தது. வெளியே நின்று பார்த்த எனக்கே தெரிந்தது. இறங்கி வந்தவன், "ரொம்ப சாயுது மாமா" என்றான். கையில் இருந்த டைமிங் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அவனுடைய பழைய பெஸ்ட்டைவிட ஒரு வினாடி சொச்சம் குறைவு. அதைவிட எனக்குப் பிடித்தது, ஐந்தாவது ரவுண்டும் ஒன்பதாவது ரவுண்டும் அநேகமாக ஒன்றாக இருந்தது. அந்த வழுக்கும் வளைவு? "அது இப்ப வழுக்கல" என்றான், என்னமோ டிராக் தானாகச் சரியாகிவிட்ட மாதிரி. டேக்கைப் பார்த்தோம். ஃபோம் கட்டைக்கு ஒன்றரை விரல்கடை கீழேயே நின்றிருந்தது.

அக்கா இப்போது ஆட்டோவில் போவதில்லை. புதன், சனி இரண்டு நாளும் காரில்தான். முதுகு எப்படி என்று கேட்டேன். ஸ்பீடு பிரேக்கர் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இறங்கறதுதான் முன்னாடி பெரிய பாடு. தரையிலேர்ந்து எழுந்திருக்கற மாதிரி இருக்கும். இப்ப ஒரு கையை ஊனினாப் போறும்" என்றாள். மூன்று செ.மீ. உயர்ந்திருக்கிறது அல்லவா, அது. கூரையைத் திறந்து போகலாமா என்று மருமான் கேட்டானாம். வெயில் என்று சொல்லிவிட்டாளாம். மார்கழியில் பார்க்கலாம் என்றிருக்கிறாள்.